எதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது கணினி?

குஜராத்தில் ஞான்சாலா என்றொரு தொண்டு நிறுவனம் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்துகிறது. அங்கே இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சுற்றில் பள்ளி நேரத்துக்குள்ளேயே, ஆசிரியர் நடத்தும் வகுப்பிலிருந்து பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப்போய்க் கணினி முன் உட்காரவைத்தார்கள். அடுத்த சுற்றில் அதே பயிற்சி வகுப்பு நேரத்தைத் தொடாமல், பள்ளி நேரத்துக்கு வெளியே நடந்தது. பொருளியலாளர் லீ லிண்டன் 2008இல் எழுதிய ஆய்வறிக்கையில் இரண்டு சுற்றின் விளைவும் இருக்கிறது. வகுப்பு நேரத்தைத் தின்ற சுற்றில் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் 0.57 திட்ட விலக்கம் இறங்கியது. வெளியே நடந்த சுற்றில் 0.28 ஏறியது.

திட்ட விலக்கம் என்பது புள்ளியியல்காரர்களின் முழக்கோல். நூறு பிள்ளைகளைக் கணக்குத் திறன்படி வரிசையில் நிற்கவைத்தால், நட்டநடுவில் 50ஆவதாக நின்ற பிள்ளை முதல் சுற்றில் கிட்டத்தட்ட 28ஆவது இடத்துக்குப் பின்னே போய்விட்டது. இரண்டாம் சுற்றில் 61ஆவது இடத்துக்கு முன்னேறியது. மென்பொருள் ஒன்றுதான், பாடமும் ஒன்றுதான். ஞான்சாலாவின் வகுப்பு ஏற்கெனவே நிமிடக் கணக்கில் யோசித்து அமைக்கப்பட்ட வகுப்பு. அந்த நல்ல நேரத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கணினி உட்கார்ந்தபோது நஷ்டம். சும்மா கிடந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தபோது லாபம்.

கல்வியில் தொழில்நுட்பம் பற்றிய விவாதத்தில் இந்த ஆய்வு அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்படுவதெல்லாம் ‘கணினி நல்லதா, கெட்டதா’ என்ற பட்டிமன்றம்தான். ஒரு கருவி வகுப்பறைக்குள் நுழையும்போது அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று வெளியேறுகிறது. வெளியேறியது எது என்று பார்க்காமல் நுழைந்ததன் தரத்தை மட்டும் எடைபோட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

பள்ளிக்கூடத்து நாணயம் பீரியட். 40 அல்லது 45 நிமிடம். அதில் வருகைப் பதிவுக்குச் சில நிமிடம், வீட்டுப்பாட நோட்டைத் திரட்டச் சில நிமிடம். ப்ரொஜெக்டர் இருக்கும் அறைக்கு வகுப்பையே நகர்த்த வேண்டுமென்றால், வரிசைகட்டி நடத்திப்போய், செருப்பைக் கழற்றவைத்து, ஜன்னலைச் சாத்தி, ‘மிஸ், எனக்குத் தெரியல’ என்பவனை முன்னால் உட்காரவைத்து முடிக்கும்போது பத்து நிமிடம் ஓடியிருக்கும். கரண்ட் போய்விட்டால் மீதியும் போச்சு. எந்த விளம்பரப் படத்திலும் இந்தப் பத்து நிமிடம் வருவதில்லை.

வாக்குறுதிகள் மட்டும் நூறாண்டுகளாகக் குறைவில்லாமல் வருகின்றன. பள்ளிகளில் புத்தகங்கள் வழக்கொழிந்துபோகும், எல்லாவற்றையும் சினிமாப் படமே கற்றுக்கொடுக்கும் என்று 1913இல் தாமஸ் எடிசன் பேட்டியில் சொன்னார். (சினிமாக் கருவி விற்றவர் வேறென்ன சொல்வார்?) பிறகு வானொலி, தொலைக்காட்சி. 1950களில் உளவியலாளர் ஸ்கின்னரின் ‘கற்பிக்கும் இயந்திரம்’. இந்தியாவில் 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக்கு, அமெரிக்காவிடம் கடன் வாங்கிய செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு. 1980களில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி. 2004இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே ஏவப்பட்ட எஜுசாட். கல்வி வரலாற்றாசிரியர் லாரி கியூபன் 1986இல் எழுதிய நூலில் இந்த அலைகளை வரிசைப்படுத்திக் காட்டினார்: முதலில் ஆரவாரம், அடுத்து கருவி பற்றிய ஆய்வுகள், அடுத்து ஏமாற்றம், கடைசியில் பழி ஆசிரியர்மேல். ஆசிரியர்கள் கருவியை ஒதுக்கியது சோம்பலால் அல்ல, தங்கள் வகுப்பின் நெருக்கடிக்கு எது ஒத்துவரும் என்ற கணக்கால் என்பது அவர் வாதம். சாக்பீஸும் கரும்பலகையும் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம். அவற்றை ஆன் செய்யத் தேவையில்லை.

இயந்திரத்தைக் கொடுத்தால் மீதி தானே நடக்கும் என்ற நம்பிக்கைக்கு உலகம் கொடுத்த மிகப் பெரிய விலை பெரு நாட்டில்தான் தெரிகிறது. நிக்கோலஸ் நெக்ரோபான்டே தொடங்கிய ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ இயக்கத்தின் பச்சை வெள்ளைக் கணினிகளை அந்த நாடு லட்சக்கணக்கில் வாங்கி ஊரகப் பள்ளிகளுக்கு அனுப்பியது. 319 பள்ளிகளை எடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கணினி போன பள்ளிகளுக்கும் போகாத பள்ளிகளுக்கும் கணக்கிலோ மொழியிலோ வித்தியாசம் தெரியவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது, அவ்வளவுதான். கணினிக்குள் சுமார் 200 புத்தகங்களை ஏற்றியே கொடுத்திருந்தார்கள். பிள்ளைகளின் வாசிப்புப் பழக்கம் அசையவில்லை.

பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வின் 2012ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து, அதை நடத்தும் ஓஈசிடி அமைப்பு 2015இல் வெளியிட்ட அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது. பள்ளிக் கணினிகளுக்குப் பெரும் பணம் கொட்டிய நாடுகளில் வாசிப்பு, கணக்கு, அறிவியல் மதிப்பெண்கள் குறிப்பிடும்படி உயரவில்லை. கணினியை அளவாகப் பயன்படுத்திய மாணவர்கள், அரிதாகத் தொட்டவர்களைவிடச் சற்று மேலே இருந்தார்கள். எந்நேரமும் அதிலேயே இருந்தவர்கள் எல்லோருக்கும் கீழே. சுவீடன் 2023இல் திசை திரும்பியது. மழலையர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்ற ஏற்பாட்டைக் கைவிட முடிவெடுத்து, அச்சுப் பாடநூல் வாங்க 68.5 கோடி குரோனா ஒதுக்கியது.

தமிழ்நாடு இந்தக் கதையில் தனி அத்தியாயம். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது. குடும்பத்தில் முதல் கணினி, சில தெருக்களில் முதல் கணினி. அதன் சமூக அர்த்தத்தைக் குறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அந்தக் கணினி வகுப்பறைக்குள் எந்தப் பாடத்தில், எந்த பீரியடில், எதற்காகத் திறக்கப்பட வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை; பிளஸ் டூ பாடத்திட்டம் அதன் இருப்பையே அறியாததுபோல நடந்துகொண்டது. எத்தனை கொடுத்தோம் என்ற எண் சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் வாசிக்கப்பட்டது. என்ன கற்றார்கள் என்பதற்கு அப்படியொரு எண் வாசிக்கப்படவில்லை.

2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோது அணுகுமுறை கொஞ்சம் மாறியது. பக்க ஓரத்தில் க்யூஆர் கோடு, கணக்குப் புத்தகத்தில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெட்டி. அந்தப் பெட்டி பல இடங்களில் ஜியோஜீப்ராவுக்கு அழைத்துப்போகிறது. ஆஸ்திரியாவில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுநிலை ஆய்வுக்காக உருவாக்கத் தொடங்கி, இன்று உலகமே இலவசமாகப் பயன்படுத்தும் கணித மென்பொருள் அது. முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மூன்று கோணங்களும் மாறுகின்றன, கூட்டுத்தொகை மட்டும் 180லேயே நிற்கிறது. கரும்பலகையில் இதைக் காட்ட முப்பது முக்கோணம் வரைய வேண்டும். இங்கே கருவி வந்து உட்கார்ந்த இடம் ஆசிரியரின் இடமல்ல. ‘மூன்று கோணங்களின் கூடுதல் 180, எழுதிக்கோ’ என்ற வாக்கியத்தின் இடம்.

அதன் பிறகு 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி, உயர்நிலை மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப், 2023இல் மணற்கேணி செயலி, தொடக்கப் பள்ளிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் என்று திட்டங்கள் நடந்தன. அகில இந்திய நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய விஷயம். பள்ளிகள் பற்றிய அரசுத் தரவான யூடைஸின்படி 2023-24இல் நாட்டில் 57.2 விழுக்காடு பள்ளிகளில்தான் இயங்கும் கணினி இருந்தது, இணையம் 53.9 விழுக்காட்டில். பக்கத்து வீடான கேரளம் வேறொரு வழியில் போனது. 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், பின்னர் கைட் என்ற நிறுவனமாக வளர்ந்து, கட்டற்ற மென்பொருளையே பிடிவாதமாகப் பற்றிக்கொண்டது. தங்களுக்கான லினக்ஸ் பதிப்பைத் தாங்களே தயாரித்தது. ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கி, 45,000 வகுப்பறைகளில் கருவிகளைப் பொருத்தியது. கணினி பழுதானால் கம்பெனி ஆள் வரும்வரை காத்திருக்காமல் கையாளத் தெரிந்த ஓர் ஆசிரியர் அதே பள்ளியில் இருப்பது, பார்க்கச் சின்ன விஷயம்தான்.

சின்ன விஷயங்கள்தான் பெரிய திட்டங்களைக் கவிழ்க்கின்றன. தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். வானவில் எழுத்துருவிலோ, இலங்கையில் பாமினியிலோ அடித்த வினாத்தாளை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் ஆச்சரியக்குறியுமாகக் கொட்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் ஆசிரியர் ஒருவர் பத்தாண்டு உழைத்துச் சேர்த்த பாடக்குறிப்பும் வினா வங்கியும் பழைய எழுத்துருவில் பென்டிரைவுக்குள் கிடக்கும் நிலை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

இத்தனைக்கும் நடுவே, சில இடங்களில் கணினி உண்மையாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. வடோதரா மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநில அரசு தலா நான்கு கணினி கொடுத்திருந்தது, பெரும்பாலானவை தூங்கின. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு அவற்றை எழுப்பி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம், கணினிக்கு இருவராகக் கணக்கு விளையாட்டு ஆடவிட்டது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, ஷான் கோல், லிண்டன் நால்வரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, முதல் ஆண்டில் 0.35, இரண்டாம் ஆண்டில் 0.47 திட்ட விலக்கம் முன்னேற்றம் கண்டது. அதே ஆய்வு இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னது: திட்டம் முடிந்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மிச்சமிருந்தது ஏறத்தாழ 0.1தான். அளக்கிறவர்கள் திட்டம் முடிந்த மறுநாளே பையைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் இந்த இரண்டாவது எண் கிடைத்திருக்காது.

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 619 மாணவர்களை வைத்து நடத்தி, 2019இல் வெளியிட்டார்கள். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் சராசரிப் பிள்ளை கணக்கில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. மேல் வகுப்புகளில் இடைவெளி இன்னும் அகலம். ஒரே வகுப்பறையில் மூன்றாம் வகுப்புக் கணக்கும் ஆறாம் வகுப்புக் கணக்கும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருந்தால் ஆசிரியர் யாருக்கு நடத்துவார்? புத்தகத்துக்குத்தான் நடத்துவார். மைண்ட்ஸ்பார்க் அங்கே நுழைந்தது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கணக்கைக் கொடுத்தது. பள்ளி முடிந்த பிறகு 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக உதவி ஆசிரியரோடு. நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 முன்னேற்றம். நூறு பேர் வரிசையில் 50ஆவது பிள்ளை கணக்கில் 64ஆவது இடத்துக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், கணக்கில் வந்த இந்த முன்னேற்றம் பள்ளியின் சொந்தத் தேர்வில் குறிப்பிடும்படி தெரியவே இல்லை. மூன்றாம் வகுப்பு நிலையிலிருந்து நான்காம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளையை எட்டாம் வகுப்பு வினாத்தாளால் அளந்தால் முன்பும் பூஜ்யம், பின்பும் பூஜ்யம். நெல்லை முழக்கோலால் அளந்த கதை. ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் பரீட்சை மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் ‘திட்டம் தோல்வி’ என்று கோப்பை மூடியிருப்பார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மதிப்பீடு என்ற சொல்லை இங்கே நிதானமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. கருவியை மதிப்பிடுவது ஒன்று. கருவியைக் கொண்டு மாணவரை மதிப்பிடுவது இன்னொன்று. ஆசிரியர் கருவியைப் பயன்படுத்தும் விதத்தை மதிப்பிடுவது மூன்றாவது. கூட்டங்களில் மூன்றும் ஒரே சொல்லுக்குள் குழைக்கப்பட்டு, கடைசியில் ‘எத்தனை பேர் லாகின் செய்தார்கள்’ என்ற எண்ணில் வந்து முடிகின்றன. லாகின் எண்ணிக்கை கதவைத் திறந்தவர்களின் எண்ணிக்கை. உள்ளே சாப்பாடு நடந்ததா என்பது அதில் தெரியாது.

மூன்றாவது வகைக்கு இரண்டு சட்டகங்கள் உலகம் முழுதும் ஆசிரியர் பயிற்சிகளில் சுற்றுகின்றன. ரூபன் புவெண்டெடுராவின் சாமர் என்ற நான்கு படி ஏணி ஒன்று: பழைய கருவிக்கு மாற்று, மாற்றோடு மேம்பாடு, பணியையே திருத்துதல், முன்பு நினைக்கவே முடியாத புதுப் பணி. சொல்ல எளிது, சுவரில் ஒட்ட அழகு. ஆனால் மேல்படிதான் உயர்ந்தது என்ற மயக்கத்தை அது தருகிறது. அந்த ஏணிக்கான ஆய்வு ஆதாரம் மெலிந்தது என்று கல்வியாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். கீழ்ப்படியிலேயே நின்று நன்றாகக் கற்பிக்கலாம். மேல்படியில் ஏறி மாணவர்களைக் காணொளி எடுக்கவிட்டு, பாடத்தைக் கோட்டைவிடலாம்.

மற்றொன்று கொஞ்சம் ஆழமானது. புண்ய மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த டீபேக். லீ ஷுல்மன் 1980களில் சொன்ன ஒரு கருத்தின் நீட்சி அது: பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, கற்பிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, இந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்பது தனி அறிவு. அதோடு இந்தப் பாடத்தின் இந்தச் சிக்கலுக்கு எந்தக் கருவி என்ற அறிவையும் மிஸ்ராவும் கோலரும் சேர்த்தார்கள். நம் ஊர் பயிற்சி முகாம்களில் ‘பவர்பாயிண்ட் போடுவது எப்படி’ என்று நடத்துவது இந்த அறிவே அல்ல. பின்னத்தில் பிள்ளை எங்கே இடறும் என்று தெரிந்த ஆசிரியருக்குத்தான் அந்த இடத்தில் படம் வேண்டுமா, காகித மடிப்பு வேண்டுமா என்று தோன்றும். பாடக்குறிப்பில் ‘டிஎல்எம்’ (கற்பித்தல் கருவிகள்) என்ற தலைப்புக்குக் கீழே ஒரு வரி எழுதி வைப்பதற்கும் இதற்கும் வெகு தூரம்.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்துகொள்வோம். கொங்கு வட்டாரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்பு, 36 பேர். தசம எண்கள். ஒருவர் கையிலும் கணினி இல்லை. ஆசிரியையிடம் ஒரு செல்போன். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அட்டை. கறுப்பு வெள்ளைக் கட்டமாக க்யூஆர் கோடுபோல ஒன்று அதில் அச்சாகியிருக்கிறது. நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. பிளிக்கர்ஸ் என்பது இதன் பெயர். விடைக்குரிய எழுத்து மேலே வரும்படி அட்டையைப் பிடிக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையும் வேறு உருவம் என்பதால் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துத் திருப்ப முடியாது. ஆசிரியை செல்போன் கேமராவை அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றினால் யார் எந்த விடை என்று பெயரோடு திரையில் வந்துவிடுகிறது.

கேள்வி இதுதான்: 0.3, 0.25 இரண்டில் பெரியது எது? ஏ: 0.3. பி: 0.25. சி: இரண்டும் சமம். டி: சொல்ல முடியாது. 25 என்பது 3ஐவிடப் பெரியது என்ற முழு எண் பழக்கத்தில் இருக்கும் பிள்ளை பி காட்டும். இந்தத் தவறு தற்செயலானது அல்ல. தசமம் கற்கும் குழந்தைகள் உலகெங்கும் இடறும் இடம். ஆகவே பி என்ற விடையில் ஒரு தகவல் இருக்கிறது. 36இல் 21 பேர் பி காட்டினார்கள் என்று வைப்போம். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டிருந்தால் 36 பேரும் ‘புரிஞ்சுது மிஸ்’ என்றிருப்பார்கள். அந்த ஒற்றைக் குரல்தான் இங்கே வெளியேறியது. அதன் இடத்தில் 21 பெயர்கள் வந்து உட்கார்ந்தன.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் இதே வழியில் போனவர். கேள்வி, வாக்கு, பக்கத்தில் இருப்பவரோடு வாதம், மறுபடி வாக்கு. பிறகு இதற்கென்றே ‘கிளிக்கர்’ என்ற மின்கருவிகள் சந்தைக்கு வந்தன. நதானியல் லாஸ்ரி 2008இல் கிளிக்கர் வைத்த வகுப்பையும் வெறும் எழுத்தட்டை காட்டிய வகுப்பையும் ஒப்பிட்டார். கருத்தைக் கற்றதில் வித்தியாசம் தெரியவில்லை. வேலை செய்தது கேள்வியும் வாதமும். அப்படியானால் கருவி வீணா? அதுவும் இல்லை. அட்டையைக் கீழே வைத்தால் தகவல் மறைந்துபோகும். கருவியில் பதிவாக நிற்கும். அடுத்த வாரம் அதே 21 பேரைத் தேடிப்போக விரும்பும் ஆசிரியருக்கு அந்தப் பதிவு பயன்படும். தேடிப்போக நேரம் இல்லாதவருக்கு அது இன்னொரு கோப்பு.

அமெரிக்கக் கல்வியாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983இல் சொன்ன உவமை இன்றும் சண்டையைக் கிளப்பும்: ஊடகம் மளிகை ஏற்றிவரும் லாரி மாதிரி, லாரியால் யாருக்கும் சத்து ஏறுவதில்லை. ஆனால் சில சரக்குகளைச் சில வண்டிகளால்தான் கொண்டுவர முடியும் என்பதும் உண்மை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெட் என்ற இலவசக் கணினி உருவகப் பயிற்சிகள் இதற்குச் சாட்சி. அவற்றில் பல தமிழிலும் கிடைக்கின்றன. மின்சுற்றுப் பயிற்சியில் பேட்டரி, கம்பி, பல்பை இழுத்து இணைத்தால் கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு குழு நிஜக் கருவிகளோடும் மற்றொரு குழு இந்த உருவகத்தோடும் பயின்றன. கருத்துத் தேர்வில் உருவகக் குழு முந்தியது. பிறகு இரு குழுவையும் நிஜக் கம்பி, நிஜ பல்பு கொடுத்துச் சுற்று அமைக்கச் சொன்னார்கள். அதிலும் உருவகக் குழுதான் முந்தியது. ஆய்வாளர்கள் திரையைக் கையிலிருந்து எடுத்துவிட்டு அளந்ததுதான் இந்த ஆய்வின் அழகு.

செயற்கை நுண்ணறிவு விஷயத்தில் அந்த அளவுமுறையே முடிவைத் தலைகீழாக்கியது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஹம்சா பஸ்தானியும் சகாக்களும் நடத்திய சோதனையில், சாட்ஜிபிடி போன்ற கருவியை அப்படியே கையில் கொடுத்தபோது கணக்குப் பயிற்சியில் மதிப்பெண் 48 விழுக்காடு ஏறியது. விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி திருத்திய வடிவத்தில் 127 விழுக்காடு. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தார்கள். முதல் குழு, கருவியையே பார்க்காத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தது. இரண்டாம் குழுவுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை. பயிற்சி மதிப்பெண்ணோடு ஆய்வு நின்றிருந்தால் அது நல்ல விளம்பரமாக இருந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் ஆதாரம் கேட்கிறார்களா? யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தொழில்நுட்பத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. கல்வித் தொழில்நுட்பப் பொருள்கள் சராசரியாக 36 மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன என்கிறது அது. பிரிட்டனில் 7 விழுக்காடு நிறுவனங்களே முறையான ஒப்பீட்டுச் சோதனை நடத்தியிருந்தன. அமெரிக்காவின் 17 மாநிலங்களில் கேட்டபோது 11 விழுக்காட்டினரே வாங்குமுன் ஆய்வு ஆதாரம் கேட்டதாகச் சொன்னார்கள். ஆய்வு முடிவதற்குள் பொருள் மாறிவிட்டால் எதை மதிப்பிடுவது என்ற சங்கடமும் இருக்கிறது. கற்றல் கொள்கையை மதிப்பிடலாம், பதிப்பு எண்ணை மதிப்பிட முடியாது.

கருவி எவ்வளவு பெரியது என்பதற்கும் விளைவுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதை கொரோனா காட்டியது. போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியபோது சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை. சிலருக்கு வாரம் ஒரு கணக்கு எஸ்எம்எஸ்ஸில் போனது. சிலருக்கு அதோடு ஆசிரியர் ஒருவர் சில நிமிடம் போனில் பேசினார். எஸ்எம்எஸ் மட்டும் போன வீடுகளில் பயன் தெரியவில்லை. குரலும் சேர்ந்த வீடுகளில் 0.12 திட்ட விலக்கம் முன்னேற்றம். பட்டன் போனே போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டில் அதே காலத்தில் கல்வித் தொலைக்காட்சி ஓடியது, வாட்ஸ்ஆப் குழுக்கள் நிரம்பின. சுமார் 19,000 ஊரகக் குழந்தைகளை முன்பும் பின்பும் சோதித்த ஆய்வு, 2021 டிசம்பரில் அவர்கள் கணக்கில் 0.74, மொழியில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்ததைக் கண்டது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. தெருவில் யாரோ ஒரு அக்கா, சாயங்காலம் வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த திட்டம் அது. தொழில்நுட்பம் அங்கேயும் இருந்தது. தன்னார்வலர்களைப் பதியவும் கண்காணிக்கவும். அது பின்கட்டில் இருந்தது, பிள்ளையின் முன்னால் ஆள் இருந்தார்.

பின்கட்டு வேலை முன்கட்டுக்கு வந்துவிடும்போதுதான் ஆசிரியர்களின் பொறுமை போகிறது. கல்வித் துறையின் தரவுத் தளத்தில் விவரம் ஏற்றும் ‘எமிஸ் பதிவு’ என்ற சொல்லை எந்த அரசுப் பள்ளி ஆசிரியரிடம் சொன்னாலும் ஒரு பெருமூச்சு வரும். வருகை, நலத்திட்டப் பொருள், உடல்நலக் குறிப்பு, தேர்வு மதிப்பெண் என்று செயலியில் ஏற்றவேண்டியவை நீண்டுகொண்டே போனதாக ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகப் போராடிவருகின்றன. கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, சிக்னலுக்காக ஜன்னலோரம் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் ஆசிரியரும் புள்ளிவிவரத்தில் ‘தொழில்நுட்பம் பயன்படுத்துபவர்’தான்.

மாணவர் பக்கமும் ஒரு பார்வை. ஊரகக் கல்வி நிலை பற்றிய அசர் 2024 கணக்கெடுப்பின்படி 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போன் கையாளத் தெரியும். முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகத் தொட்டவர்கள் 76 விழுக்காடு. கருவி வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. பள்ளி வாங்கிக் கொடுக்கக் காத்திருக்கவில்லை. அது அங்கே எதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, தூக்கத்தின் இடத்திலா, தெருக் கிரிக்கெட்டின் இடத்திலா, டியூஷனின் இடத்திலா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை.

அந்த ஆறாம் வகுப்புக்கே திரும்புவோம். 21 பேர் பி காட்டிய பிறகு ஆசிரியை செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார். ஒரு மீட்டர் நூல், ஒரு ஸ்கேல். 0.3 மீட்டர் எவ்வளவு, 0.25 மீட்டர் எவ்வளவு என்று இருவர் இருவராக வெட்டிப் பார்க்கச் சொல்கிறார். பத்து நிமிடக் கூச்சல். மறுபடி அட்டை: இப்போது பி காட்டுவோர் நால்வர். மூன்று வாரம் கழித்து வேறொரு பாடத்தின் நடுவில், அட்டையும் போனும் இல்லாமல், துண்டுக் காகிதத்தில் 0.4, 0.37 என்று எழுதிப் பெரியதை வட்டமிடச் சொல்கிறார். ஏழு பேர் 0.37ஐ வட்டமிட்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் முதல் நாள் முதல் சுற்றிலேயே சரியான பக்கத்தை மேலே பிடித்தவர்கள். ஆசிரியை அந்த இரண்டு காகிதத்தை மட்டும் தனியே எடுத்து வருகைப் பதிவேட்டுக்குள் சொருகிக்கொள்கிறார்.